கமக்காரரின் மனச்சுமை

திருவள்ளுவர் உழவின் சிறப்பினை 104ஆம் அதிகாரத்தில் எடுத்துரைத்தார். அதனை அடுத்து அவர் அமைத்த அதிகாரம் நல்குரவு என்பதாகும். ஏருக்கு அருகிலேயே வறுமையும் நிற்பதை இவ்வைப்புமுறை நமக்கு நினைவூட்டுகின்றது. தைப்பொங்கல் நாளில் உழவரை நாம் வாயாரப் போற்றுகிறோம். ஆனால் அவர்தம் உள்ளம் படும் பாட்டைப் பற்றிப் பேசுவோர் நம்மிற் சிலரே.

கமத்தொழில் ஏனைய தொழில்களைப் போன்றதன்று. உத்தியோகத்தர் மாதமுடிவிற் சம்பளத்தை எதிர்பார்க்கலாம். கமக்காரரோ கைமுதல் அனைத்தையும் மண்ணிலே இட்டுவிட்டு, மாதக்கணக்காக வானத்தை நோக்கியிருக்கிறார். பெரும்போக விதைப்புக்காக வீட்டு நகைகள் அடைவுக்குப் போகின்றன. அறுவடை வந்தாலன்றி அவை மீளா. மழை பொய்த்தாலும் நட்டம், மிகுந்தாலும் நட்டம். நன்றாக விளைந்த ஆண்டிலோ விலை விழுந்துவிடுகின்றது.

அண்மைக்கால வரலாற்றை நோக்குவோம். 2018ஆம் ஆண்டு மார்கழி வெள்ளத்தில் கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களின் வயல்கள் நீரில் மூழ்கின. 2021ஆம் ஆண்டு வைகாசியில் இரசாயன உர இறக்குமதி தடைசெய்யப்பட்டது. கார்த்திகையில் அத்தடை நீங்கியபோது பெரும்போக வேலைகள் தொடங்கிவிட்டிருந்தன. இவற்றுள் எதுவும் கமக்காரர் இழைத்த பிழையன்று. இருந்தும், கடன்காரர் படலையடியில் வந்து நிற்கும்போது, தோற்றவர் தாமே என்று அவர் எண்ணி நாணுகிறார்.

எமது கிராமங்களில் மனநோய் என்ற சொல்லை எவரும் எளிதிற் சொல்வதில்லை. 'அவருக்குக் கடும் யோசனை' என்பதோடு பேச்சை முடித்துவிடுவர். இரவில் உறங்காமை, உணவில் வெறுப்பு, காரணமற்ற சினம், குடியை நாடுதல், கோயில் திருவிழாவுக்கும் உறவினர் வீட்டுக்கும் போகாது ஒதுங்கியிருத்தல் ஆகியன அந்த 'யோசனை'யின் அடையாளங்கள். வாரக்கணக்கில் இவை நீடிப்பின் அது நோயாகும். காய்ச்சலுக்கு வைத்தியம் இருப்பது போல இதற்கும் வைத்தியம் உண்டு.

'எல்லாம் விதி' என்று கூறி வாளாவிருப்போருக்கு எமது நாட்டின் அனுபவமே தக்க விடையாகும். 1995ஆம் ஆண்டளவில் இலங்கையில் இலட்சம் பேருக்கு ஏறக்குறைய 47 பேர் தம்முயிரைத் தாமே போக்கினர். உலகிலேயே மிக உயர்ந்த விகிதங்களுள் ஒன்றாக அது விளங்கியது. அவ்விறப்புகளிற் பெரும்பாலானவற்றுக்குப் பயிர்களுக்கு அடிக்கும் மருந்துகளே காரணமாயின. 1984 முதல் 2011 வரை அரசு கொடிய மருந்துகளைப் படிப்படியாகத் தடைசெய்தது. 2015ஆம் ஆண்டளவில் இறப்பு விகிதம் ஏறத்தாழ 70 வீதம் குறைந்துவிட்டது. இருபது ஆண்டுகளில் 93,000 உயிர்கள் காப்பாற்றப்பட்டதாக ஆய்வாளர் கணித்துள்ளனர். தடைகளால் நெல் விளைச்சல் குன்றவில்லை என்பதும் ஆய்விற் புலனாயிற்று.

இதன் உட்பொருள் யாது? கமக்காரரின் வறுமை அவ்வாண்டுகளில் ஒழிந்துவிடவில்லை, கடனும் தீர்ந்துவிடவில்லை. ஆயினும் பல்லாயிரவர் உயிர் தப்பினர். சாவை நாடும் எண்ணம் பெரும்பாலும் சிறுபொழுதில் மூண்டு தணிவது. அப்பொழுதைக் கடந்தவருட் பெரும்பாலோர் பின்னர் அவ்வழியை நாடுவதில்லை. ஆகவே அந்த வேளையில் நஞ்சு எட்டாத் தொலைவிலும், மனிதர் எட்டும் தொலைவிலும் இருத்தல் வேண்டும்.

முதலாவது கடமை அரசினுடையது; இரண்டாவது நம்முடையது. தேவைக்கு மேலான மருந்தை வாங்கி வீட்டில் வைத்திராதிருப்போம். முகம் வாடியிருப்பவரை அணுகி, 'சாக வேண்டுமென்று தோன்றுகின்றதா?' என நேராகவே கேட்கலாம். கேட்பதனால் அவ்வெண்ணம் உண்டாகிவிடும் என்பது தவறான நம்பிக்கை. புத்திமதியைப் பின்னர் கூறலாம், முதலிற் செவிகொடுப்போம். கடன் விபரத்தை ஒருவரே நெஞ்சிற் சுமவாது, குடும்பத்தவர் ஒன்றாக அமர்ந்து எழுதிப் பார்ப்பது நன்று.

தற்கொலை முயற்சி குற்றமெனும் சட்டம் 1998ஆம் ஆண்டிலேயே நீக்கப்பட்டுவிட்டது. ஆதலால் வைத்தியசாலையை நாடப் பொலிசுக்கு அஞ்ச வேண்டியதில்லை. தேசிய மனநல நிறுவனத்தின் 1926 என்னும் தொலைபேசி இலக்கத்துக்கு எந்நேரமும் பேசலாம். 1974 முதல் இயங்கிவரும் சுமித்திரயோ அமைப்பும் துயருற்றோரின் குரலுக்குச் செவிசாய்க்கின்றது.

மாணவர்களே, உங்களுட் பலர் கமக்காரரின் பிள்ளைகள். தந்தையார் விளக்கை அணைத்த பின்பும் உறங்காதிருப்பதை முதலில் அறிபவர்கள் நீங்களே. பரீட்சைக்குப் படிக்கும் நேரத்தில் ஒரு சிறுபகுதியை அவருக்கென ஒதுக்குங்கள். மாலையில் அவரோடு வயல் வரம்பில் நடந்து, 'ஐயா, என்ன யோசனை?' என்று கேளுங்கள். அவர் வாய்திறக்கும் வரையிற் பொறுத்திருங்கள்.