முயலுக்கும் மானுக்கும் ஒரே துப்பாக்கியா?

திண்டுக்கல் மாவட்டத்தில் நத்தம், அய்யலூர், வேடசந்தூர் பக்கம் மக்காச்சோளமோ நிலக்கடலையோ போட்டவருக்குக் கதிர் பிடித்த நாளிலிருந்து இரவுத் தூக்கம் போய்விடும். பரணில் உட்கார்ந்து தகர டின்னைத் தட்டினால் காட்டுப்பன்றி சில நாள் ஓடும். பிறகு அந்தச் சத்தத்துக்கும் பழகிவிடும். அப்போதுதான் பேச்சு நாட்டுத் துப்பாக்கி பக்கம் திரும்புகிறது. பன்றியை விரட்டத்தான் என்று தொடங்குவது, முயலுக்கும் ஆக வேண்டும், மான் வந்தாலும் விழ வேண்டும், அதற்கு எந்த அளவுக் குழல் சரிப்படும் என்பதில் போய் நிற்கும்.

அமெரிக்காவில் இந்தக் கேள்விக்குச் சட்டப்படியே விடை உண்டு. குழல் வாய் வழியே மருந்து கெட்டிக்கும் துப்பாக்கிகளுக்கென்று பல மாநிலங்களில் தனி வேட்டைப் பருவமே இருக்கிறது. அணில், முயலுக்கு .32 அல்லது .36, மானுக்கு .50, இரண்டுக்கும் ஒன்றே போதும் என்பவர்கள் .40, .45 பக்கம் போவார்கள். திண்டுக்கல்லில் விடை வேறு. இங்கே முயலையும் சுடக்கூடாது, மானையும் சுடக்கூடாது. எந்த அளவுக் குழலாலும்.

1972-ஆம் ஆண்டின் வனவிலங்கு பாதுகாப்புச் சட்டம் 2022-இல் திருத்தப்பட்டு, 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன்படி புள்ளிமான், காட்டுப்பன்றி, முயல் இரண்டாம் அட்டவணையில் வருகின்றன. இவற்றை வேட்டையாடினால் 3 ஆண்டு வரை சிறை, அல்லது 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். காட்டுமாடு, மயில், தேவாங்கு போன்றவை முதல் அட்டவணை. அங்கே குறைந்தபட்சத் தண்டனையே 3 ஆண்டு; 7 ஆண்டு வரை போகலாம். கண்ணி வைப்பதும், சுட்டுத் தவறவிட்டாலும் அந்த முயற்சியும், சட்டத்தின் பார்வையில் வேட்டைதான். ‘ஏர்கன்தானே, லைசென்ஸ் தேவையில்லையே’ என்று இளைஞர்கள் சிலர் நினைக்கிறார்கள். எந்த ஆயுதத்தால் கொன்றோம் என்பது இந்தக் குற்றத்தை இல்லாமலாக்கிவிடாது. பாரிவேட்டை என்று ஊரே கூடிப் போனாலும் இதே கதைதான். சாமி பெயரைச் சொல்லி முயலடித்தவருக்குச் சட்டத்தில் விலக்கு எதுவும் இல்லை.

2022 அக்டோபரில் கரூர், திண்டுக்கல் மாவட்டங்களில் 11,806 ஹெக்டேர் காடு கடவூர் தேவாங்கு சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. தேவாங்குக்கென்று இந்தியாவில் ஏற்பட்ட முதல் சரணாலயம் இது. தலைமை வனஉயிரினக் காப்பாளரின் எழுத்துப்பூர்வ அனுமதி இல்லாமல் ஆயுதத்தோடு சரணாலயத்துக்குள் நுழைவதே குற்றம். இரவில் நெற்றி விளக்கு வெளிச்சத்தில் மரக்கிளையிலோ புதரிலோ இரண்டு கண் மின்னும். அது தேவாங்கா, ஆடா என்று அந்த வெளிச்சத்தில் உறுதியாகச் சொல்ல முடியாது. புதருக்குப் பின்னால் மறுபக்கத்துக் காவல்காரர் உட்கார்ந்திருந்தால், அவர் கண்ணுக்கே படமாட்டார்.

ஒரே துப்பாக்கியை முயலுக்கும் மானுக்கும் என்று வைத்துக்கொள்வதில் பெரிய ஆபத்து ஒன்று இருக்கிறது. தொழிற்சாலைத் துப்பாக்கியின் குழல் அழுத்தச் சோதனை முடிந்து முத்திரையோடு வரும். நாட்டுத் துப்பாக்கியின் குழலை யாரும் சோதித்ததில்லை; உள்ளே துருவும் விரிசலும் இருந்தாலும் வெளியே தெரியாது. பெரிய விலங்குக்கென்று மருந்தையும் ஈயத்தையும் கூட்டும்போது, அந்த அழுத்தம் முழுவதும் சுடுபவரின் முகத்துக்கும் இடது கைக்கும் பக்கத்தில்தான் வெடிக்கிறது. விரலும் கண்ணும் போவது இப்படித்தான். இன்னொன்று: கெட்டித்த மருந்தைச் சுடாமல் வெளியே எடுப்பது லேசான வேலையல்ல. அதனால் சுடாத துப்பாக்கி கெட்டித்தபடியே வீட்டுக்கு வந்து, பரண் மேல் ஏறிவிடுகிறது. அந்த வீட்டில் பிள்ளைகளும் இருக்கிறார்கள்.

உரிமம் இல்லாத துப்பாக்கியை வைத்திருந்தாலே, ஒரு குருவியைக்கூடச் சுடாவிட்டாலும், 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி குற்றம். 2019 திருத்தத்துக்குப் பிறகு அதற்கு 2 முதல் 5 ஆண்டு வரை சிறை. செய்து விற்பவருக்கு 7 ஆண்டு முதல் ஆயுள் வரை.

ஆனால் இதே சட்டத்தில் விவசாயிக்கென்று ஒரு வழி இருப்பது பலருக்குத் தெரியாது என்பதுதான் என் ஆதங்கம். பயிர்ப் பாதுகாப்புக்காக உண்மையிலேயே தேவைப்படும் ஒருவர், வாய் வழி மருந்து கெட்டிக்கும் துப்பாக்கிக்கு உரிமம் கேட்கலாம் என்று 13-ஆம் பிரிவு வெளிப்படையாகவே சொல்கிறது. உரிமம் வழங்கும் அதிகாரியிடம் மனுக் கொடுத்தால் காவல் நிலைய அறிக்கை கேட்கப்படும். மறுத்தால் காரணத்தைப் பொதுவாக எழுத்தில் தர வேண்டும்; அதன் மேல் மேல்முறையீடும் உண்டு. கிடைத்த உரிமம் 5 ஆண்டு செல்லும். ஒன்றை மட்டும் மறக்கக்கூடாது: இது துப்பாக்கி வைத்திருப்பதற்கான உரிமம், பன்றியைக் கொல்வதற்கான அனுமதி அல்ல. பயிரை அழிக்கும் விலங்கைக் கொல்ல அனுமதிக்கும் அதிகாரம் வனத்துறையிடம்தான் இருக்கிறது. காப்புக்காட்டு எல்லையிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வரும் காட்டுப்பன்றிகளைச் சுடலாம் என்று 2025 ஜனவரியில் தமிழ்நாடு அரசு அறிவித்ததும் வனத்துறையினர் சுடுவதற்காகவே. அந்தச் செய்தியைப் பாதி கேட்டுவிட்டு யாரும் துப்பாக்கி தேட வேண்டாம்.

பயிர்ச் சேதத்துக்கு இழப்பீடு உண்டு. வாங்குவது அலைச்சல்தான், மறுக்கவில்லை. காலையில் பார்த்தவுடன் சாய்ந்த தட்டையை அப்புறப்படுத்தாதீர்கள். கால்தடம், பன்றி கிளறிய மண், கடித்துப் போட்ட கதிர் எல்லாவற்றையும் தேதி தெரியும்படி போட்டோ எடுத்துக்கொண்டு வனவருக்கும் கிராம நிர்வாக அலுவலருக்கும் அன்றே தகவல் சொல்லுங்கள். சிட்டா, அடங்கல் நகலோடு வனச்சரக அலுவலகத்தில் மனுக் கொடுத்து ரசீது வாங்குங்கள். குத்தகைக்குப் பயிர் செய்பவர் அடங்கலில் தன் பெயர் ஏறியிருக்கிறதா என்று விதைப்பின்போதே பார்த்துவைப்பது நல்லது. மனு நகரவில்லை என்றால் திங்கள்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்துக்கும், மாதாந்திர விவசாயிகள் கூட்டத்துக்கும் ரசீதோடு போகலாம். வயலில் அவுட்டுக்காயோ சுருக்குக் கம்பியோ திருட்டு மின்வேலியோ இருந்தால், இழப்பீடு கேட்டுப் போனவரே குற்றவாளியாகத் திரும்ப நேரிடும்.

தாத்தா காலத்துத் துப்பாக்கி வீட்டில் கிடந்தால் என்ன செய்வது? உரிமம் வைத்திருந்தவர் இறந்துவிட்டாலோ, உரிமம் காலாவதியானாலோ தாமதிக்காமல் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற ஆயுத வியாபாரியிடமோ ஒப்படைக்கச் சட்டம் வழி வைத்திருக்கிறது. வாரிசு தன் பேரில் உரிமம் வாங்கித் திரும்பப் பெறலாம், தகுதியுள்ளவருக்கு விற்கவும் செய்யலாம். தொடக்கத்திலிருந்தே உரிமம் இல்லாதது என்றால், தானாக ஒப்படைப்போர் மீது நடவடிக்கை இல்லை என்று காவல்துறை அவ்வப்போது கெடு வைத்து அறிவிக்கும், அதைப் பயன்படுத்திக்கொள்ளலாம். கெடு இல்லாத நேரத்தில் முதலில் ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள். கண்மாயிலோ கோயில் வாசலிலோ போட்டுவிட்டு ஓடுவது மட்டும் வேண்டவே வேண்டாம். உள்ளே மருந்து இருந்தால் எடுத்துப் பார்ப்பவர் கதி என்ன?

யாரையாவது பிடித்துவிட்டால், எதற்காகக் கைது என்பதைச் சொல்லியாக வேண்டும். பயண நேரம் போக 24 மணி நேரத்துக்குள் நீதித்துறை நடுவர் முன் நிறுத்தியாக வேண்டும். வனத்துறை வழக்குக்கும் இது பொருந்தும். வெற்றுத்தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். சில வழக்குகளில் தொகை கட்டி முடித்துக்கொள்ளும் வழி உண்டு, ஆனால் முதல் அட்டவணை விலங்கு என்றால் அது கிடையாது; கட்டுகிற பணத்துக்கு ரசீது இல்லையென்றால் அது அரசுக்குப் போகிற பணமே அல்ல. வழக்கறிஞர் வைக்க வசதி இல்லாதவருக்கு மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவசமாக ஒருவரை ஏற்பாடு செய்து தரும். 15100 என்ற எண்ணில் கூப்பிட்டாலும் வழி சொல்வார்கள்.