சக்கரத்தின் மேல் குடியிருப்பு. சாக்கடைக்கு யார் பொறுப்பு?

இங்கிலாந்தில் கூடாரத்திலும் வேனிலும் குடியிருப்போரின் சுகாதாரத்தில் தலையிட, 1885-ஆம் ஆண்டின் தொழிலாளர் வீட்டுவசதிச் சட்டம் உள்ளாட்சிகளுக்கு அதிகாரம் தந்தது. நாடோடிகளின் வேன்கள் நோய் பரப்பும் என்ற அச்சத்தில் பிறந்த சட்டம் அது. ஆகவே அதன் கண் குடியிருப்பவர் மேலேயே இருந்தது. தண்ணீர்க் குழாயும் கழிப்பறையும் இல்லாத நிலத்தை வாடகைக்கு விட்டவர் பெரும்பாலும் தப்பித்துக்கொண்டார்.

1936-ஆம் ஆண்டின் பொதுச் சுகாதாரச் சட்டம் நிலத்தின் பக்கமும் திரும்பியது. தொடர்ந்து 42 நாட்களுக்கு மேலோ, ஓராண்டில் 60 நாட்களுக்கு மேலோ நகரும் குடியிருப்புகளை நிறுத்தவிட்டால் உரிமம் வேண்டும் என்றது. போருக்குப் பிந்தைய வீட்டுப் பஞ்சத்தில் கேரவன்கள் பெருகின. 1959-இல் அரசுக்காக ஆர்ட்டன் வில்சன் அளித்த அறிக்கை, சுமார் 1,50,000 பேர் கேரவன்களையே நிரந்தர வீடாகக் கொண்டிருந்ததைக் காட்டியது.

மறு ஆண்டே கேரவன் தளங்கள் சட்டம் வந்தது. கேரவன் தளம் நடத்துபவர் முதலில் திட்ட அனுமதியும் பிறகு உள்ளாட்சியின் தள உரிமமும் பெறவேண்டும். போதிய கழிப்பிட வசதி இருக்கவேண்டும், அது எப்போதும் பழுதின்றிப் பராமரிக்கப்படவேண்டும் என்று உரிமத்தில் நிபந்தனை விதிக்கலாம். இரண்டாவது பாதிதான் முக்கியம். கழிப்பறையைக் கட்டுவது ஒரு நாள் செலவு, கழுவி வைப்பது தினசரி வேலை. நிபந்தனையை மீறியவர் தண்டிக்கப்பட்ட பிறகும் வேலையைச் செய்யாவிட்டால், உள்ளாட்சியே செய்து முடித்து அவரிடம் செலவை வசூலிக்கலாம்.

ஆய்வுக்கு வரும் சுகாதார அலுவலர் குழாயையும் கழிப்பறையையும் மட்டும் பார்த்தால் போதாது. பாத்திரம் கழுவிய நீர் எங்கே போகிறது, ரசாயனக் கழிப்பறைகளைக் கொட்டத் தனி இடம் இருக்கிறதா என்றும் பார்க்கவேண்டும். பல தளங்கள் ஊர்ச் சாக்கடையோடு இணையாமல் செப்டிக் டேங்கை நம்பியிருக்கின்றன. மலத்தை மக்கச்செய்வது தொட்டியிலுள்ள நுண்ணுயிர்கள். ஃபார்மால்டிஹைடு கலந்த கழிப்பறைத் திரவத்தை அதில் கொட்டினால் அவை செத்துவிடும். பிறகு வெளியேறுவது சுத்திகரிக்கப்படாத கழிவுதான்; அது மண்ணில் இறங்கும், ஓடையிலும் சேரும்.

1960-ஆம் ஆண்டின் கேரவன் தளங்கள் சட்டத்தின்படி கூடாரம் கேரவன் ஆகாது. கூடாரங்களுக்கு இன்றும் 1936-ஆம் ஆண்டுச் சட்டமே துணை. உள்ளாட்சி தன் சொந்த நிலத்தில் நடத்தும் தளத்துக்கு உரிமம் தேவையில்லை என்பது இன்னொரு விலக்கு. பிறரைச் சோதிக்கும் கையையும் யாராவது சோதிக்கவேண்டும் என்பதால், இது சரியான ஏற்பாடு அல்ல.

2013-ஆம் ஆண்டுச் சட்டத்தால் இங்கிலாந்தின் உள்ளாட்சிகளுக்குக் கூடுதல் பலம் கிடைத்தது. குடியிருப்புத் தளங்களுக்கு உரிமக் கட்டணம் வாங்கலாம், குறையைச் சரிசெய்ய நோட்டீஸ் கொடுக்கலாம், ஆபத்து நேரத்தில் உடனே வேலையில் இறங்கலாம். ஆனால் இவையெல்லாம் உரிமம் உள்ள தளத்தோடு நின்றுவிடும். தங்க இடமே கிடைக்காத நாடோடிச் சமூகங்களான ஜிப்சிகளுக்கும் டிராவலர்களுக்கும் இவற்றால் பயனில்லை. அவர்களுக்குத் தளம் அமைப்பதை 1968-ஆம் ஆண்டுச் சட்டம் உள்ளாட்சிகளின் கடமை ஆக்கியிருந்தது. 1994-இல் அது நீக்கப்பட்டது. சாலையோரத்தில் வண்டியை நிறுத்துபவருக்குக் குழாயும் இல்லை, கழிப்பறையும் இல்லை. வெளியேறச் சொல்லும் உத்தரவு மட்டும் வந்துவிடும். வேல்ஸ் 2014-இல் சட்டம் இயற்றி அந்தக் கடமையைத் திரும்பக் கொண்டுவந்தது. இங்கிலாந்து இன்னும் கொண்டுவரவில்லை.