காரின் சக்கரமும் பெட்ரோல் குடிக்கும்!

திருக்கடையூரில் ஆண்டு முழுவதும் கல்யாணம்தான். மாப்பிள்ளைக்கு வயது 60. சில மாப்பிள்ளைகளுக்கு 80! மகன், மகள், மருமக்கள், பேரன், பேத்தி எல்லோரும் கூடி நின்று அட்சதை போடுகிறார்கள்.

மார்க்கண்டனைக் காக்கச் சிவபெருமான் எமனை உதைத்த இடம் இது என்பது புராணம். ஆகவே நீண்ட ஆயுள் வேண்டி, அமிர்தகடேசுவரர் கோவிலுக்கு நாலா பக்கமிருந்தும் குடும்பங்கள் வருகின்றன. பலர் காரில் வருகிறார்கள். தாத்தா, பாட்டி, பிள்ளைகள், பட்டுப் புடவைப் பெட்டி, பாத்திர மூட்டை எல்லாம் ஒரே காரில்!

இந்தக் காரில் ஊற்றிய பெட்ரோல் எங்கே போகிறது?

"என்ஜின் குடிக்கிறது" என்று சொல்வீர்கள். அது சரிதான். ஆனால், சக்கரமும் ஒரு பங்கு குடிக்கிறது. அது எவ்வளவு குடிக்கும் என்பது, நீங்கள் மாட்டும் டயரையும் அதில் அடைக்கும் காற்றையும் பொறுத்தது.

மூன்று சக்கரங்கள்

இதைப் புரிந்துகொள்ளத் திருக்கடையூர் பார்த்த மூன்று சக்கரங்களை நினைத்துப் பார்க்க வேண்டும்.

முதலாவது, மாட்டு வண்டிச் சக்கரம். நடுவிலே குடம். அதிலிருந்து ஆரக்கால்கள். சுற்றிலும் மர வட்டை. அதன் மேல் இரும்புப் பட்டை. அந்தப் பட்டை நசுங்காது. ஆனால், அதன் கீழே இருக்கும் மண் நசுங்கும். சேற்றில் சக்கரம் புதையும். மாடுகள் நுரை தள்ள இழுக்கும். மாட்டின் வலிமையில் பெரும் பங்கு, நெல் மூட்டையை நகர்த்தப் போகவில்லை. மண்ணை நசுக்கப் போயிற்று!

இரண்டாவது, ரயில் சக்கரம். மாயவரத்திலிருந்து தரங்கம்பாடிக்கு 1926-ம் ஆண்டு ரயில் விட்டார்கள். திருக்கடையூரிலும் அது நின்றது. 1986-ம் ஆண்டு அந்த ரயில் நிறுத்தப்பட்டது. ரயில் சக்கரமும் இரும்பு. தண்டவாளமும் இரும்பு. இரண்டும் அநேகமாக நசுங்குவதில்லை. ஆகவே ரயில் மிக எளிதாக உருளும்.

மூன்றாவது, கார் சக்கரம். தார் ரோடு நசுங்காது. ஆனால், ரப்பர் டயர் நசுங்கும்.

சமதரையில் 1 டன் பாரத்தை மெல்ல உருட்டிச் செல்ல எவ்வளவு இழுப்பு வேண்டும்? தண்டவாளத்தில் சுமார் 2 கிலோ போதும். தார் ரோட்டில் கார் டயருக்குச் சுமார் 10 கிலோ வேண்டும். கடற்கரை மணலில் 200 கிலோவும் போதாமல் போகலாம்!

இதிலிருந்து என்ன தெரிகிறது? எது நசுங்குகிறதோ, அங்கே சக்தி வீணாகிறது.

முற்றத்தில் நடந்த சோதனை

அப்படியானால் கார்களுக்கும் இரும்புச் சக்கரமே போடலாமே என்று கேட்கலாம். போட்டால் பிரேக் பிடிக்கும்போது வழுக்கும். கல்லில் ஏறினால் வண்டியே தூக்கிப்போடும். காற்று அடைத்த டயரோ, சிறு கல்லைத் தனக்குள் வாங்கிக்கொண்டு உருண்டு போகும்.

இதைச் செய்து காட்டியவர்களில் ஒருவர், ஜான் டன்லப் என்ற கால்நடை மருத்துவர். அயர்லாந்தின் பெல்பாஸ்ட் நகரில் வாழ்ந்தவர். மகனுடைய மூன்று சக்கர சைக்கிளுக்காக அவர் காற்று அடைத்த சக்கரம் ஒன்றைச் செய்தார். அதையும் பழைய சக்கரத்தையும் முற்றத்தில் உருட்டி விட்டார். பழைய சக்கரம் சிறிது தூரத்தில் விழுந்தது. காற்றுச் சக்கரம் அதைத் தாண்டி வெகு தூரம் ஓடியது! 1888-ம் ஆண்டு அவர் அதற்குக் காப்புரிமை பெற்றார்.

பிற்காலத்தில் மாட்டு வண்டிக்கும் டயர் வந்தது. அதே மாடுகள் கூடுதல் பாரம் இழுத்தன.

5 ரூபாய் எங்கே?

ஒரு ரப்பர் பந்தைக் கீழே போடுங்கள். போட்ட உயரத்துக்கு அது திரும்பி வராது. நசுங்கி நிமிரும்போது, ரப்பர் கொஞ்சம் சக்தியைச் சூடாக மாற்றிவிடுகிறது.

டயரிலும் இதுதான் நடக்கிறது. தரையைத் தொடும் இடம் நசுங்குகிறது. மேலே போனதும் நிமிர்கிறது. சிறிய காரின் டயர், 1 கிலோமீட்டருக்குச் சுமார் 550 தடவை சுற்றும். சென்னையிலிருந்து திருக்கடையூர் சுமார் 260 கிலோமீட்டர். வந்து சேருவதற்குள் 1 லட்சத்து 40 ஆயிரம் தடவைக்கு மேல் நசுங்கி நிமிர்ந்துவிடும்! நீண்ட பயணம் முடிந்ததும் டயரைத் தொட்டால் சுடுகிறதே, அந்தச் சூடு உங்கள் பெட்ரோல்தான்.

100 ரூபாய்க்குப் பெட்ரோல் போட்டால், பெரும் பகுதி என்ஜினின் சூடாகவே போய்விடும். சக்கரத்துக்கு வந்து சேருவது சுமார் 20 ரூபாய். அந்த 20 ரூபாயில் ஏறக்குறைய 5 ரூபாயை, டயர் நசுங்கியே தீர்த்துவிடுகிறது.

காற்று குறைந்தால்...

காற்று குறைந்தால் டயர் அதிகம் நசுங்கும். நான்கு டயரிலும் 1 பவுண்டு காற்று குறைந்தால், நூற்றுக்கு 0.2 பங்கு பெட்ரோல் கூடுதலாகச் செலவாகும் என்பது அமெரிக்க அரசு கூறும் கணக்கு.

33 பவுண்டு இருக்க வேண்டிய டயரில் 25 பவுண்டுதான் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கார் லிட்டருக்கு 18 கிலோமீட்டர் கொடுக்கிறது. சென்னையிலிருந்து திருக்கடையூர் வந்து திரும்பினால், ஏறக்குறைய அரை லிட்டர் வீண்.

"அரை லிட்டர்தானே!" என்று நினைக்கலாம். ஆண்டுக்கு 12 ஆயிரம் கிலோமீட்டர் ஓடினால், 10 லிட்டருக்கு மேல் போகும். ஆண்டுக்கு 60 ஆயிரம் கிலோமீட்டர் ஓடும் வாடகைக் காருக்கு, 50 லிட்டருக்கு மேல்! லிட்டர் 100 ரூபாய் என்று பார்த்தாலும் 5 ஆயிரம் ரூபாய் ஆகிறது. அது ஒரு டிரைவர் வீட்டுப் பிள்ளைகளின் புத்தகச் செலவு.

நஷ்டம் பணத்தோடு நிற்காது. காற்றுக் குறைந்த டயர், இரண்டு ஓரங்களிலும் சீக்கிரம் தேயும். பாரமும் கூடி, வெயிலும் கூடி, வேகமும் கூடினால் சூடேறி வெடிக்கும். உள்ளே இருப்பது, நீண்ட ஆயுள் வேண்டிப் புறப்பட்ட தாத்தாவும் பாட்டியும் அல்லவா?

அதற்காக அளவுக்கு மேல் அடைப்பதும் தவறு. டயரின் நடுப்பகுதி மட்டும் தரையில் படும். அது மட்டும் தேயும். பிரேக் சரியாகப் பிடிக்காது.

எவ்வளவு காற்று வேண்டும் என்று பல கார்களில் டிரைவர் பக்கத்துக் கதவோரம் எழுதி ஒட்டியிருப்பார்கள். ஆள் நிறைய ஏறினால் எவ்வளவு என்பதும் அதில் இருக்கும். வண்டி ஓடிச் சூடாகும் முன் காற்றைப் பார்க்க வேண்டும். பெட்ரோல் பங்குகளில் காற்று இலவசம். நைட்ரஜன்தான் வேண்டும் என்பதில்லை. சாதாரணக் காற்றிலேயே நூற்றுக்கு 78 பங்கு நைட்ரஜன்தான் இருக்கிறது.

பெரிய சக்கரம், பெரிய செலவு

கார் வாங்கியதும் சிலர் அதில் இருக்கும் சக்கரத்தைக் கழற்றிவிட்டு, பளபளக்கும் பெரிய அலாய் சக்கரமும் அகலமான டயரும் மாட்டுகிறார்கள். பார்வைக்கு அழகுதான். பையைக் கேட்டால் உண்மை தெரியும்!

பெரிய சக்கரம் பெரும்பாலும் கனமானது. நின்று நின்று புறப்படும் ஊர்ப் பயணத்தில், கனமான சக்கரத்தைச் சுழற்றக் கூடுதல் சக்தி வேண்டும். அகலமான டயர் எதிர்க்காற்றில் அதிகம் மோதும். சேற்றுக்கென்று செய்த, கட்டை கட்டையான பல் உள்ள டயரைத் தார் ரோட்டில் ஓட்டினால் அதுவும் நஷ்டம்தான்.

2010-ம் ஆண்டு அமெரிக்காவில் "கார் அண்ட் டிரைவர்" என்ற பத்திரிகை ஒரு சோதனை நடத்தியது. ஒரே காரில் 15 அங்குலம் முதல் 19 அங்குலம் வரை சக்கரங்களை மாற்றி மாற்றி மாட்டினார்கள். 15 அங்குலத்திலிருந்து 19 அங்குலத்துக்குப் போனபோது, மைலேஜ் நூற்றுக்குப் பத்து பங்கு குறைந்தது.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. டயரின் மொத்த உயரம் மாறினால் மீட்டர் பொய் சொல்லும். டயர் நூற்றுக்கு 3 பங்கு பெரிதானால், கார் 100 கிலோமீட்டர் ஓடியும் மீட்டர் 97 என்றே காட்டும். மைலேஜ் கணக்குப் பார்க்கிறவர்கள் இதில் ஏமாந்துவிடக் கூடாது.

டயருக்கும் நட்சத்திரம்

எல்லா டயரும் ஒரே மாதிரி நசுங்குவதில்லை. கலக்கும் பொருளையும் உள்ளே நூலும் கம்பியும் ஓடும் விதத்தையும் மாற்றி, வீணாகும் சூட்டைக் குறைக்கலாம். 1992-ம் ஆண்டு பிரான்சு நாட்டு மிஷெலின் கம்பெனி, ரப்பரில் சிலிகாவைக் கலந்து அத்தகைய டயரை விற்பனைக்குக் கொண்டு வந்தது. உருளுவதற்கு உள்ள தடை பத்தில் ஒரு பங்கு குறைந்தால், பெட்ரோல் செலவு நூற்றுக்கு 1 முதல் 2 பங்கு வரை குறையும் என்று 2006-ல் வெளியான அமெரிக்க ஆராய்ச்சி அறிக்கை கூறுகிறது.

கடையில் இதைக் கண்டுபிடிப்பது எப்படி? ஐரோப்பாவில் 2012-ம் ஆண்டு முதல் டயரில் இதற்கென்று சீட்டு ஒட்ட வேண்டும் என்பது சட்டம். இந்தியாவிலும் பிரிட்ஜுக்கும் மின்விசிறிக்கும் இருப்பதுபோல், டயருக்கும் நட்சத்திரச் சீட்டு வந்திருக்கிறது. நட்சத்திரம் கூடினால் பெட்ரோல் செலவு குறையும்.

ஆனால், நட்சத்திரத்தை மட்டும் பார்த்தால் போதாது. ஈர ரோட்டில் எப்படிப் பிடிக்கும் என்றும் கேட்க வேண்டும். தேய்ந்த டயர், புது டயரை விட எளிதாக உருளும். அதனால் பெட்ரோல் மிச்சம் என்று எண்ணி அதையே ஓட்டலாமா? கூடாது. ஐப்பசி, கார்த்திகை மழையில் அது வழுக்கும். டயரின் பள்ளம் 1.6 மில்லிமீட்டருக்கு வந்துவிட்டால், அதை மாற்றியே ஆக வேண்டும்.

புறப்படும் முன்

பெட்டி கட்டியாயிற்று. பூ வாங்கியாயிற்று. பாட்டி ஏறி உட்கார்ந்துவிட்டார். "நேரமாகிறது, கிளம்பு!" என்று அவசரப்படுத்துகிறார் தாத்தா.

அந்த அவசரத்துக்கு இடம் கொடுக்காமல், முதல் நாள் மாலையே பக்கத்துப் பங்குக்குப் போய் வருவது நல்லது. நான்கு டயர்களோடு உபரி டயரையும் சேர்த்துப் பார்க்க ஐந்து நிமிடம்தான் ஆகும்.

பெட்ரோல் விலையைக் குறைக்க நம்மால் முடியாது. டயர் குடிக்கும் பெட்ரோலைக் குறைக்க முடியும். அதற்கு வேண்டியது கொஞ்சம் காற்று, அதுவும் இலவசம்!