தொட்டியில் வளர்ந்த பாசி கடலைப் பிடித்தது!
ஆறு நாடுகளை ஆட்டிவைத்த பச்சைப் பாசியின் கதை

அது ஒரு பாசி. பச்சைப் பசேல் என்று இருக்கும். பறவையின் இறகு போல அழகாக இருக்கும். கண்ணாடித் தொட்டியில் அழகுக்காக வளர்த்தார்கள். தொட்டியை விட்டு அது கடலுக்குப் போயிற்று. ஆறு நாடுகளின் கடலோரத்தைப் பிடித்துக்கொண்டது!

அதன் பெயர் "காலெர்ப்பா டாக்சிபோலியா."

வீட்டுக்குள் கடல்

தொட்டியில் தங்க மீன் வளர்ப்பது எல்லோருக்கும் தெரியும். அது நல்ல தண்ணீர்த் தொட்டி. உப்புத் தண்ணீர்த் தொட்டியும் உண்டு. அதில் கடல் மீன் வளர்ப்பார்கள். உயிருள்ள பவளமும் வளர்ப்பார்கள். வீட்டுக் கூடத்திலே ஒரு குட்டிக் கடல்!

இந்தத் தொட்டிக்குப் பெரிய எதிரி பாசிதான்.

பாசி ஏன் வருகிறது? மீனுக்குப் போடும் இரை மிஞ்சினால் அழுகும். மீனின் கழிவும் சேரும். இவற்றால் நைட்ரேட், பாஸ்பேட் என்ற சத்துக்கள் தண்ணீரில் பெருகும். வயலில் உரம் போட்டால் பயிரோடு களையும் வளர்கிறது அல்லவா? அதே கதைதான். பாசி பெருகிப் பவளத்தை மூடும். வெளிச்சம் கிடைக்காமல் பவளம் சாகும்.

இதற்கு என்ன வழி? இரையைக் குறைக்க வேண்டும். தண்ணீரில் ஒரு பகுதியை அடிக்கடி மாற்ற வேண்டும். குழாய்த் தண்ணீரை அப்படியே ஊற்றக் கூடாது. சுத்தம் செய்த தண்ணீரில் கடல் உப்பைக் கலந்து ஊற்ற வேண்டும். பாசியைக் கையால் பறிக்க வேண்டும். பாசி மேயும் நத்தைகளை விடுவதும் நல்லது.

வெட்ட வெட்ட வளரும்

இன்னொரு தொல்லை, "அய்ப்டேசியா" என்னும் கடல் சாமந்தி. பார்த்தால் பூ, உண்மையில் அது ஒரு பிராணி! பவளப் பாறையை வாங்கி வரும்போது அதில் ஒட்டிக்கொண்டு வந்துவிடும். பவளத்தைக் கொட்டும். அதைக் கிள்ளி எறிந்தால் போதாது. தப்பிய சிறு துண்டும் முழுச் சாமந்தியாக வளரும். ஒரு வகை இறால் இதைத் தின்னும். அந்த இறாலை வாங்கித் தொட்டியில் விடுகிறார்கள்.

காலெர்ப்பாவும் இப்படித்தான். அதன் உடல் முழுவதும் ஒரே ஓர் உயிரணு! ஆனாலும் ஒரு சென்டிமீட்டர் துண்டு பிழைத்தால் போதும். அது புதிய பாசி ஆகிவிடும்.

ஒரு சதுர மீட்டர்

ஜெர்மனியில் ஸ்டுட்கார்ட் என்ற நகரம் இருக்கிறது. அங்கே வில்ஹெல்மா மிருகக்காட்சி சாலையில் இந்தப் பாசியை வளர்த்தார்கள். வெப்பக் கடலில் வளரும் பாசி இது. ஆனால் தொட்டியில் வளர்ந்த இந்த வகை குளிரையும் தாங்கியது. வேகமாகவும் வளர்ந்தது. மற்ற காட்சிச்சாலைகளும் இதை விரும்பி வாங்கின.

மத்தியதரைக் கடலின் கரையில் மொனாக்கோ என்ற குட்டி நாடு இருக்கிறது. அங்கே கடல் அருங்காட்சியகம் ஒன்று பாறை மேல் நிற்கிறது. 1984-ம் ஆண்டு, அந்தப் பாறைக்குக் கீழே, கடலுக்குள் இந்தப் பாசியைக் கண்டார்கள். ஒரே ஒரு சதுர மீட்டர் இடம்தான்! ஒரு பாய் விரிக்கும் இடம் கூட இல்லை.

அன்றே பறித்திருந்தால் வேலை முடிந்திருக்கும். யாரும் பறிக்கவில்லை.

குளிர் காலத்தில் தானே செத்துவிடும் என்று நினைத்தார்கள். சாகவில்லை. படகுகளின் நங்கூரத்தில் சிக்கி ஊர் ஊராகப் போயிற்று. வலைகளில் ஒட்டிக்கொண்டும் போயிற்று. மீன் குஞ்சுகள் வளரும் கடற்புல் மேடுகளை மூடியது. இதில் விஷச் சத்து இருப்பதால், பாசி தின்னும் பிராணிகள் பலவும் இதைத் தொடவில்லை.

நம் ஊர்க் குளங்களை ஆகாயத் தாமரை மூடிக் கிடப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதைப் போலக் கடலுக்கு அடியில் இது பரவியது.

நைஸ் பல்கலைக் கழக விஞ்ஞானி அலெக்சாந்தர் மெனெஸ் அபாயத்தை எடுத்துச் சொன்னார். அருங்காட்சியகத்தின் தரப்பிலோ, பாசி வேறு வழியாக வந்திருக்கலாம் என்றார்கள். வாதம் வளர்ந்தது. பாசியும் வளர்ந்தது! 1998-ல் மரபணுச் சோதனை முடிவு வெளிவந்தது. கடலில் உள்ள பாசியும் காட்சிச்சாலைத் தொட்டிப் பாசியும் ஒன்றே என்று தெரிந்தது.

2000-ம் ஆண்டு முடிவில் கணக்குப் பார்த்தார்கள். மொனாக்கோ, பிரான்ஸ், இத்தாலி, ஸ்பெயின், குரோசியா, துனிசியா ஆகிய ஆறு நாடுகளில், சுமார் 131 சதுர கிலோமீட்டர் பரப்பில் பாசி பரவி இருந்தது. பிற்காலத்தில் பிரான்ஸ் கரையோரம் இது பெருமளவு குறைந்தது. ஆனால் மனிதன் பறித்து ஒழித்ததால் அல்ல. பாசி தானாகவே குறைந்தது.

விழித்துக்கொண்ட ஊர்

2000-ம் ஆண்டு ஜூன் மாதம். அமெரிக்காவில், கலிபோர்னியா மாநிலம், கார்ல்ஸ்பாத் என்ற ஊர். அங்கே உள்ள உப்பங்கழியில் மூழ்கிக் கடற்புல்லைச் சோதித்தவர்கள் இதே பாசியைக் கண்டார்கள். யாரோ தொட்டியைக் கழுவி ஊற்றியதால் வந்திருக்கும் என்று கருதினார்கள்.

இங்கே வாதம் செய்து கொண்டிருக்கவில்லை. உடனே வேலையில் இறங்கினார்கள். பாசி இருந்த இடத்தைப் பிளாஸ்டிக் விரிப்பால் மூடினார்கள். விரிப்பின் ஓரங்களில் கனம் வைத்தார்கள். உள்ளே குளோரினைச் செலுத்தினார்கள். முக்குளிப்பவர்கள் ஆண்டுக்கணக்கில் தரையைத் தடவித் தடவித் தேடினார்கள். 2006-ல்தான் "பாசி ஒழிந்தது" என்று அறிவித்தார்கள். செலவு 70 லட்சம் டாலருக்கு மேல்!

இந்தப் பாசியை விற்கவும் வைத்திருக்கவும் கூடாது என்று கலிபோர்னியாவில் 2001-ல் சட்டம் வந்தது.

என்ன செய்ய வேண்டும்?

தொட்டி வைத்திருப்பவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும்:

புதிய பாறையையும் பவளத்தையும் தனித் தொட்டியில் சில வாரம் வைத்துப் பார்த்த பிறகே பெரிய தொட்டியில் விடுங்கள்.

பறித்த பாசியைச் சாக்கடையிலோ, ஆற்றிலோ, கடலிலோ போடாதீர்கள். ஒரு பையில் கட்டி, ஒரு நாள் முழுவதும் பனிப்பெட்டியில் உறைய வையுங்கள். செத்த பிறகு குப்பையில் போடுங்கள்.

மீன் வேண்டாம் என்றால் கடைக்காரரிடம் கொடுங்கள். "பாவம், பிழைத்துப் போகட்டும்" என்று கடலில் விடாதீர்கள். அது ஒரு மீனுக்குக் காட்டும் இரக்கம். கடலில் உள்ள ஆயிரம் மீன்களுக்கு அதுவே ஆபத்து ஆகலாம்.

தொட்டியில் இருக்கும்வரை பாசியைப் பறிக்க ஒரு கை போதும். கடலுக்குள் போய்விட்டால் ஆறு நாடுகள் சேர்ந்தாலும் போதாது!