வகுக்கத் தெரியாத சிப்

பிபிசி 2016இல் பிரிட்டன் பள்ளிகளில் 11, 12 வயதுப் பிள்ளைகளுக்கு இலவசமாகக் கொடுத்த மைக்ரோபிட், உள்ளங்கையில் அடங்குகிற போர்டு. முகப்பில் 25 சிவப்பு எல்இடி, இரண்டு பட்டன். பின்பக்கம் நார்டிக் நிறுவனத்தின் சிப். ரேம் வெறும் 16 கிலோபைட். இந்தப் போர்டுக்கு எழுதிய புரோகிராமைப் போர்டே இல்லாமல் லேப்டாப்பில் ஓட்டிப் பார்க்கலாம். கியூஎமு என்ற இலவச எமுலேட்டர், 2019 ஏப்ரலில் வந்த 4.0 பதிப்பில் இதற்கு வழி செய்தது. கூகுள் சம்மர் ஆஃப் கோட், அவுட்ரீச்சி திட்டங்களில் பயிற்சிக்கு வந்தவர்களுக்கும் இதில் பெரிய பங்கு உண்டு.

முதல் வேலை பிராசஸர். மைக்ரோபிட்டில் இருப்பது ஏஆர்எம் குடும்பத்தின் கடைக்குட்டி, கோர்டெக்ஸ் எம்0. அதன் அண்ணன் எம்3 கியூஎமுவில் ஏற்கெனவே இருந்தது. பெரியது இருந்தால் சின்னதற்கு என்ன கவலை என்று தோன்றும். சிக்கலே அங்கேதான். எம்0வுக்கு வகுத்தல் கட்டளை கிடையாது, எம்3க்கு உண்டு. எமுலேட்டர் தாராளமாக வகுத்துக் கொடுத்துவிட்டால் புரோகிராம் லேப்டாப்பில் ஓடும், போர்டில் ஏற்றியதும் படுத்துவிடும். ஆகவே சிப்புக்குத் தெரியாததை எமுலேட்டரும் தெரியாது என்றே சொல்ல வேண்டும்.

அடுத்தது சிப்பின் துணைக் கருவிகள்: சீரியல் போர்ட், டைமர், பின்கள். ஒவ்வொன்றுக்கும் மெமரியில் தனி முகவரி. சீரியல் போர்ட்டின் முகவரியில் ஓர் எழுத்தைப் போட்டால் போர்டில் அது கம்பி வழியே போகும். கியூஎமுவில் அதே முகவரிக்குக் காவல் வைத்த சிறு ஃபங்ஷன் அதைப் பிடித்துத் திரையில் காட்டும். ஒவ்வொரு கருவிக்கும் இப்படி ஒன்று எழுதியாக வேண்டும். நேரத்தை விழுங்குவது இதுதான்.

சில இடங்களில் சின்னப் பொய்யும் சொல்கிறார்கள். போர்டு விழித்ததும் அசைவறியும் சென்சாரிடம் ‘நீ யார்?’ என்று கேட்கும்; 90 என்ற எண் பதிலாக வர வேண்டும். கியூஎமுவில் சென்சாரே இல்லை. எழுதிவைத்த பதிலை ஒப்பிக்கும் ஒரு பொம்மைதான் அங்கே உட்கார்ந்திருக்கிறது. போர்டைச் சாய்த்து விளையாடும் விளையாட்டுக்கு அது உதவாது. புரோகிராம் தொடங்க அது போதும்.

வேகத்தை மட்டும் நம்பக் கூடாது. காத்திருப்பதற்காகச் சும்மா எண்ணிக்கொண்டே இருக்கும் லூப், போர்டில் ஒரு நொடி எடுத்தால் லேப்டாப்பில் சட்டென்று முடிந்துபோகலாம். டைமரைக் கேட்டுக் காத்திருந்தால் இந்தத் தொல்லை இல்லை.