வான்தகுதி உத்தரவு

வான்தகுதி உத்தரவு என்பது, ஒரு வகை வானூர்தியிலோ அதன் இயந்திரத்திலோ பாதுகாப்புக் குறை கண்டறியப்படும்போது, அதைச் சரிசெய்யுமாறு வானூர்திப் போக்குவரத்து ஒழுங்குமுறை அமைப்பு பிறப்பிக்கும் கட்டாய ஆணை ஆகும். குறிப்பிட்ட பாகத்தைச் சோதித்தல், மாற்றுதல், இயக்கத்தில் கட்டுப்பாடு விதித்தல் ஆகியவை இதில் அடங்கும். கெடுவுக்குள் உத்தரவை நிறைவேற்றாத வானூர்தி பறக்க அனுமதி இல்லை.

வழக்கமான பராமரிப்பிலிருந்து வேறுபாடு

பயணிகள் வானூர்திகள் பறந்த மணிநேரம், பறப்புச் சுழற்சி, நாட்காட்டிக் காலம் ஆகியவற்றின் அடிப்படையில் முறையாகப் பராமரிக்கப்படுகின்றன. ஒருமுறை மேலெழுந்து தரையிறங்குவது ஒரு சுழற்சி ஆகும். இயந்திரத்தின் சுழல்தட்டு போன்ற சில பாகங்களுக்கு ஆயுள் வரம்பு உண்டு. வரம்பை எட்டியதும், அவை நல்ல நிலையில் தோன்றினாலும் கழற்றப்படும். இவை முன்கூட்டியே திட்டமிடப்பட்டவை. வான்தகுதி உத்தரவோ, வானூர்தி பயன்பாட்டுக்கு வந்த பின் தெரியவரும் குறைக்காகப் பிறப்பிக்கப்படுகிறது.

தயாரிப்பு நிறுவனம் வெளியிடும் சேவை அறிக்கை பொதுவாகப் பரிந்துரை மட்டுமே. ஒழுங்குமுறை அமைப்பு அதை உத்தரவாக்கும்போதே அது சட்டப்படி கட்டாயமாகிறது.

அலோகா ஏர்லைன்ஸ் விபத்து, 1988

1988 ஏப்ரல் 28 அன்று, ஹவாயில் ஹிலோவிலிருந்து ஹொனலுலு சென்ற போயிங் 737 வானூர்தியின் மேற்கூரையில் சுமார் 5.5 மீட்டர் நீளப் பகுதி 24,000 அடி உயரத்தில் பிய்ந்து பறந்தது. பணிப்பெண் ஒருவர் வெளியே வீசப்பட்டு உயிரிழந்தார். விமானிகள் வானூர்தியை மாவி தீவில் தரையிறக்கினர். அந்த வானூர்தி அதுவரை 89,680 சுழற்சிகளை முடித்திருந்தது. தீவுகளுக்கிடையேயான குறுகிய பயணங்களே இதற்குக் காரணம். ஒவ்வொரு சுழற்சியிலும் உள்ளழுத்தம் ஏறி இறங்குவதால் உலோகத்தில் சோர்வு விரிசல்கள் உண்டாகின்றன. உப்புக் காற்றினால் ஏற்பட்ட அரிப்பும் அத்துடன் சேர்ந்தது.

உடற்பகுதித் தகடுகளின் இணைப்புகளைச் சோதிக்க 1987இலேயே உத்தரவு இருந்தது. ஆனால் போயிங் அறிக்கை குறிப்பிட்ட எல்லா இணைப்புகளையும் அது உள்ளடக்கவில்லை. விசாரணை அமைப்பு இதையும், நிறுவனத்தின் பராமரிப்புக் குறைகளையும் சுட்டிக்காட்டியது. 1991இல் அமெரிக்காவில் மூப்படைந்த வானூர்திகளுக்கான பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டது.

2018 அவசர உத்தரவு

2018 ஏப்ரல் 17 அன்று சவுத்வெஸ்ட் நிறுவன வானூர்தியின் இயந்திர விசிறி அலகு ஒன்று உடைந்ததில் பயணி ஒருவர் இறந்தார். 2016இல் அதே வகை இயந்திரத்தில் நிகழ்ந்த உடைவுக்குப் பின், அமெரிக்க ஒழுங்குமுறை அமைப்பு 2017இல் உத்தரவு ஒன்றை முன்மொழிந்திருந்தது. விபத்து நடந்தபோது அது இறுதி செய்யப்படவில்லை. விபத்துக்கு மூன்று நாட்களுக்குப் பின் அவசர உத்தரவு வந்தது. 30,000 சுழற்சிகளைக் கடந்த இயந்திரங்களின் விசிறி அலகுகளை 20 நாட்களுக்குள் மீயொலி மூலம் சோதிக்க அது பணித்தது.

பிற நாடுகளில்

பன்னாட்டு விதிகளின்படி, வானூர்தியை வடிவமைத்த நாடு இத்தகைய கட்டாயத் தகவல்களை, அவ்வகை வானூர்திகள் பதிவாகியுள்ள நாடுகளுக்கு அனுப்ப வேண்டும். அதனால் ஓரிடத்தில் கண்ட விரிசல் உலகெங்கும் சோதனைக்கு வழிவகுக்கிறது. இந்தியாவில் சிவில் விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகம் இவற்றைக் கண்காணிக்கிறது.