ஆளுநரும் முதலமைச்சரும்: மாகாண நிறைவேற்றுத்துறையின் அமைப்புப் பற்றிய ஒரு நோக்கு

இலங்கையின் மாகாணசபை முறைமை பற்றி எழுதப்பட்டவற்றுட் பெரும்பாலானவை, எவ்விடயங்கள் மாகாணத்துக்கு அளிக்கப்பட்டன, எவை அளிக்கப்படவில்லை என்னும் நிரல் ஆராய்ச்சியாகவே அமைந்துள்ளன. காணி, பொலிஸ் என்னும் இரு சொற்களும் விவாதம் முழுவதையும் ஆட்கொண்டுவிட்டன. அளிக்கப்பட்ட அதிகாரம் எவர் கையில் அளிக்கப்பட்டது என்னும் வினா உரிய கவனத்தைப் பெற்றதில்லை. அவ்வினாவே இக்கட்டுரையின் பொருள்.

1987 ஜூலையிற் கைச்சாத்திடப்பட்ட இந்திய - இலங்கை உடன்படிக்கையின் பேறாக, அவ்வாண்டு நவெம்பரில் அரசியலமைப்பின் பதின்மூன்றாவது திருத்தமும் 42ஆம் இலக்க மாகாணசபைகள் சட்டமும் நிறைவேறின. திருத்தத்தை வரைந்தோருக்கு இந்திய மாநிலமே முன்மாதிரியாயிற்று. இந்திய அரசியலமைப்பின் 163ஆம், 164ஆம் உறுப்புரைகளை நமது 154எப் உறுப்புரையோடு அருகருகே வைத்துப் படிப்போர் வாசகங்களின் ஒற்றுமையை உடனே காண்பர். முதலமைச்சரைத் தலைவராகக் கொண்ட ஓர் அமைச்சர் குழு ஆளுநருக்கு உதவியும் ஆலோசனையும் வழங்கும் என்பது இரண்டிற்கும் பொது. இத்தொடர் இந்தியருக்கும் சொந்தமன்று. 1935ஆம் ஆண்டின் இந்திய அரசாங்கச் சட்டத்திலிருந்து அவர்கள் பெற்ற காலனித்துவ முதுசம் அது.

வாசகத்தை மட்டும் நோக்கின், நமது ஏற்பாடு இந்திய ஏற்பாட்டினும் முற்போக்கானது எனக்கூடச் சொல்லலாம். ஆளுநர் தமது பணிகளை அமைச்சர் வாரியத்தின் ஆலோசனைக்கு இணங்கவே ஆற்றுதல் வேண்டும் என 154எப் வெளிப்படையாக விதிக்கின்றது. இந்தியாவிலோ 163ஆம் உறுப்புரை அவ்வாறு வெளிப்படையாகக் கட்டளையிடவில்லை. 1974இல் ஷம்ஷேர் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றமே அதனைத் தெளிவுபடுத்த வேண்டியிருந்தது. ஆயின் வேறுபாடு வாசகத்தில் இல்லை. வாசகம் பெயர்த்து நடப்பட்ட நிலத்தில் உள்ளது.

இந்தியாவின் மத்திய ஆட்சி பாராளுமன்ற முறையிலமைந்தது. குடியரசுத் தலைவர் அமைச்சரவையின் ஆலோசனைப்படி நடப்பவர். மாநில ஆளுநர் அவரது சாயல். ஆளுநர் இப்படிமத்தை மீறிய சந்தர்ப்பங்கள் அங்கும் உள. 1984 ஓகத்தில் ஆந்திர ஆளுநர் ராம்லால், என். டி. ராமராவின் அமைச்சரவையை நீக்கியமை நன்கறியப்பட்டது. அது மரபு மீறலாகவே கொள்ளப்பட்டது. மக்கள் எதிர்ப்பின் முன்னே அடுத்த மாதமே ராமராவ் மீண்டும் பதவியேற்றார். இலங்கையின் 1978ஆம் ஆண்டு அரசியலமைப்போ நிறைவேற்றதிகாரத்தை மக்களால் நேரே தெரிவுசெய்யப்படும் சனாதிபதியிடம் ஒப்படைத்தது. இத்தகைய சனாதிபதியின் கீழ் அமையும் ஆளுநர் எவருடைய சாயல்? பாராளுமன்ற முறையில் அலங்காரப் பதவியாய் இருந்தது, சனாதிபதி முறைக்குள் வந்ததும் முகவர் பதவியாயிற்று.

உறுப்புரைகள் இதனை மறைக்கவில்லை. ஆளுநரைச் சனாதிபதி தமது கைப்பட்ட ஆணைப்பத்திரத்தால் நியமிக்கின்றார். பதவிக்காலம் ஐந்தாண்டு எனினும் சனாதிபதி விரும்பும் வரையிலேயே அவர் பதவி வகிப்பார். மாகாணத்தின் நிறைவேற்றதிகாரத்தை ஆளுநர் நேரடியாகவோ, அமைச்சர்கள் மூலமோ, தமக்குக் கீழ்ப்பட்ட அலுவலர் மூலமோ பிரயோகிக்கலாம் என்கின்றது 154சி. எவ்விடயம் தமது தற்றுணிபுக்கு உரியது என்பதை ஆளுநரே தீர்மானிப்பார். அத்தற்றுணிபையும் அவர் சனாதிபதியின் பணிப்புரைகளுக்கு அமையவே பிரயோகிப்பார். இக்கடைசி விதிக்கு ஒத்த பொது விதி இந்திய அரசியலமைப்பில் இல்லை. இது தவறுதலாக நுழைந்ததன்று. திருத்தத்துக்குச் சர்வசன வாக்கெடுப்பு வேண்டுமா என்பதை 1987இல் ஆராய்ந்த உயர் நீதிமன்றத்தின் ஒன்பது நீதியரசர்களும் பிளவுபட்டு நின்றனர். ஒற்றையாட்சி குலையவில்லை எனக் கண்ட பிரதம நீதியரசர் சர்வானந்தா முதலியோர், ஆளுநர் சனாதிபதிக்குக் கட்டுப்பட்டவர் என்பதையும் அதற்கு ஓர் ஆதாரமாகக் கொண்டனர். ஆளுநரின் கீழ்ப்படிவே திருத்தம் உயிர்தப்பக் கொடுத்த விலை.

இவ்வமைப்பில் முதலமைச்சரின் இடம் எது? சபை உறுப்பினர்களுட் பெரும்பான்மையினரின் ஆதரவைப் பெறத்தக்கவர் எனத் தாம் கருதும் உறுப்பினரை ஆளுநர் முதலமைச்சராக நியமிப்பார். ஒரு கட்சி அரைவாசிக்கு மேற்பட்ட ஆசனங்களைப் பெற்றிருப்பின் அக்கட்சியின் தலைவரையே நியமித்தல் வேண்டும். 1993ஆம் ஆண்டுத் தேர்தலின் பின் எழுந்த பிரேமச்சந்திர எதிர் ஜயவிக்கிரம வழக்கில், ஆளுநரின் இக்கருத்து நீதிமன்ற மீளாய்வுக்கு உட்பட்டதே என உயர் நீதிமன்றம் தீர்த்தது. வரவேற்கத்தக்க தீர்ப்பு. ஏனைய அமைச்சர்கள், முதலமைச்சரின் ஆலோசனைப்படி, நால்வருக்கு மேற்படாமல் நியமிக்கப்படுவர். நியமனம் பற்றி உறுப்புரை பேசுகின்றது. நீக்கம் பற்றி மௌனஞ் சாதிக்கின்றது.

அம்மௌனத்தின் விளைவை வட மாகாணம் அனுபவித்தது. 2013 செப்டெம்பர்த் தேர்தலில் 38 ஆசனங்களுள் 30ஐத் தமிழ்த் தேசியக் கூட்டமைப்புப் பெற்றது. மக்களாணை இதனினும் தெளிவாக இருத்தல் அரிது. முதலமைச்சரான சி. வி. விக்னேஸ்வரன் உயர் நீதிமன்றத்தின் முன்னாள் நீதியரசர். ஆளுநரோ 2015 வரை ஓய்வுபெற்ற மேஜர் ஜெனரல் ஒருவர். 2017இல் முதலமைச்சர் தம் அமைச்சர் ஒருவரைப் பதவிநீக்கினார். நீக்கும் அதிகாரம் நியமித்த ஆளுநருக்கே உண்டு என அவ்வமைச்சர் வழக்கிட, 2018 ஜூனில் மேன்முறையீட்டு நீதிமன்றம் இடைக்காலக் கட்டளையொன்றால் அந்நீக்கத்தை இடைநிறுத்தியது. தம் அமைச்சரைத் தாமே விலக்க இயலாத முதலமைச்சர் கூட்டுப்பொறுப்பை எங்ஙனம் பேணுவார் என்னும் வினாவுக்கு விடை காணுமுன்னரே, அவ்வாண்டு ஒக்ரோபரிற் சபையின் காலம் முடிந்தது.

அன்றாட நிர்வாகத்திலும் இந்நிலையே காணப்படுகின்றது. மாகாணசபைகள் சட்டத்தின்படி மாகாண அரசாங்க சேவையின் நியமனம், இடமாற்றம், ஒழுக்காற்றுக் கட்டுப்பாடு ஆகியன ஆளுநரைச் சார்ந்தவை. அச்சேவைக்குரிய ஆணைக்குழுவை நியமிப்பவரும் அவரே. பிரதம செயலாளரை, முதலமைச்சரின் இணக்கத்துடன், சனாதிபதி நியமிக்கின்றார். வரி தொடர்பான நியதிச்சட்டத்தைச் சபையிற் கொணர ஆளுநரின் விதப்புரை வேண்டும்.

இவ்விரட்டை நிறைவேற்றுத்துறையில் எப்பாதி ஆணிவேர் என்பதை 2017இன் பின்னரான நிகழ்வுகள் ஐயத்துக்கிடமின்றிக் காட்டின. அவ்வாண்டு தேர்தல் முறை திருத்தப்பட்டது. புதிய எல்லை நிர்ணய அறிக்கையை 2018 ஓகத்திற் பாராளுமன்றம் நிராகரித்தது. பழைய முறைக்கு மீளவும் வழி செய்யப்படவில்லை. 2019 முடிவதற்குள் ஒன்பது சபைகளும் ஒன்றன்பின் ஒன்றாகக் காலாவதியாயின. 2025 முடியும்வரை எம்மாகாணத்திலும் தேர்தல் நடைபெறவில்லை. ஆயினும் மாகாண நிர்வாகம் நின்றுவிடவில்லை. பாடசாலைகளும் வைத்தியசாலைகளும் இயங்கின, கோவைகள் நகர்ந்தன, ஒப்பமிட்டவர் ஆளுநர். முதலமைச்சர் இன்றியும் இயங்கவல்லதாகவே இவ்வியந்திரம் ஆக்கப்பட்டிருந்தது.

இக்காலத்தில் மாகாண நிறைவேற்றுத்துறை தேர்தலால் மாறவேயில்லை என்று கூறலும் பொருந்தாது. 2019 நவெம்பரிலும் 2024 செப்டெம்பரிலும் சனாதிபதித் தேர்தல் முடிந்ததும் மாகாணங்களுக்குப் புதிய ஆளுநர்கள் வந்தனர். ஆகவே யாழ்ப்பாணத்திலும் திருகோணமலையிலும் மாகாண நிர்வாகத்தின் தலைமையைத் தீர்மானித்தது நாடளாவிய வாக்குப் பெரும்பான்மையே. அம்மாகாண மக்கள் தம் சபைக்கு அளிக்கக்கூடிய வாக்கன்று. சபைக்கெனத் தனியே விதிக்கப்பட்ட காப்பு ஒன்றுண்டு: அரசியலமைப்பை வேண்டுமென்றே மீறிய அல்லது ஊழல் புரிந்த ஆளுநரை நீக்குமாறு, மொத்த உறுப்பினருள் மூன்றிலிரண்டு பங்கினரின் தீர்மானத்தோடு சனாதிபதிக்கு விண்ணப்பிக்கலாம். அத்தீர்மானத்தை நிறைவேற்றச் சபை ஒன்று இருத்தல் வேண்டும்.